கிணற்றுக்கு மேலால் போன வேலி

வேலித் தொழிலில் வேலி போடச் சொல்லி வருபவர் ஒருவர். குறை சொல்ல வருபவர்கள் இருவர். உங்கள் வளவுக்கு ஒரு பக்கமாவது அயல்வீடு இருந்தால் இதற்குமேல் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான். உங்களுக்கு அது ஒரு எல்லையோடு முடிந்துவிடும். எனக்கு வாரத்துக்கொரு புது எல்லை.

கொடிகாமத்தில் கொங்கிறீற் தூண் வார்த்து, வேலி போட்டுக் கொடுக்கும் சின்ன இடமொன்றில் வேலை செய்கிறேன். புவியியலில் பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலை வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி. அதுவரைக்கும் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கதை வராத பிள்ளை

எங்கள் முதலாளி தில்லையண்ணை. அவரிடம் வேலை கேட்டுப் போன அன்று நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் தலையைத் தலையை ஆட்டினேன். கணக்குத் தெரியுமா என்றார், ஆட்டினேன். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இருந்து வெயிலில் போய்வர ஏலுமா என்றார், ஆட்டினேன். வாய் திறக்காத ஒருத்தியை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் உடனேயே நாளைக்கு வரச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. நான் நம்பாமல் நிற்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அளவு நாடாவைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“உனக்குக் கதை வராது எண்டு உன்ரை அம்மா சொன்னவ. அதுதான் எனக்கு வேணும், பிள்ளை. வேலியடியிலை கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஏற்கெனவே ரண்டு பேர் நிப்பினம்.”

தண்ணி குடிக்கப் போன கதை

பொம்பிளைப் பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றால் எல்லைச் சண்டையில் ஆட்கள் தூசணம் கதைக்க மாட்டார்கள் என்பது தில்லையண்ணையின் இன்னொரு கணக்கு. முதல் கிழமையே அது பிழையாய்ப் போனது.

ஒரு தோட்டக்கார ஐயாவின் வளவை அளந்துகொண்டிருந்தோம். பக்கத்து வளவுக்காரர் தன் முற்றத்தில் நின்றபடி, “உவர் போன வருசமும் கதியாலை அரக்கினவர்” என்று பொதுவாக ஒரு சொல் சொன்னார். வருடா வருடம் வேலிக் கம்பை அயலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது எங்கள் ஊர்களில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம். ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடினார். பிறகு மிகவும் மரியாதையாக என் பக்கம் திரும்பினார்:

“பிள்ளை, நீ ஒருக்கா எங்கடை வீட்டை போய், ஆறுதலாய் ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வா. நான் உவனுக்கு ரண்டு வார்த்தை சொல்லவேணும்.”

கோழிக்குச் சொன்னது

இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே வேலியைப் பற்றியது. உடுப்பிட்டியில் ஒரு ஒழுங்கை, லொறி ஒன்று போகுமளவு ஒடுங்கிய தெரு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளவுகள். இரண்டும் ஒரே தாய் தகப்பன் இரண்டு பெண்களுக்குச் சீதனமாகக் கொடுத்தவை. மூத்தவர் பூமணியக்கா. இளையவர் செல்வியக்கா. வளவைப் பிரித்தவர்களால் கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அது எல்லையிலேயே கிடந்தது. ஆகவே பாதி அக்காவுக்கு, பாதி தங்கச்சிக்கு. பழைய பூவரசங் கதியால் வேலி கிணற்றின் ஒரு பக்கம் வந்து நின்று, மறுபக்கத்தில் திரும்பத் தொடங்கும். நடுவில் கிணற்றடி இருவருக்கும் பொது.

பூமணியக்காவின் மகள் பெரியபிள்ளையானபோது ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். செல்வியக்காவுக்கு மட்டும் போனில் சொன்னார்கள். பக்கத்து வளவுதானே என்பது பூமணியக்காவின் நினைப்பு. பக்கத்து வளவுக்கு நடந்து வர ஏலாதோ என்பது செல்வியக்காவின் கேள்வி. அவர் சாமத்தியவீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை.

கதை இல்லையே தவிர, சத்தம் இருந்தது. நான் அளக்கப் போன அன்று பூமணியக்கா தன் கோழியைப் பார்த்து, “ஓமடி, உனக்குச் சொந்தமும் வேண்டாம், சுற்றமும் வேண்டாம், நீ பெரிய ஆள்” என்றார். வேலிக்கு அங்கால் செல்வியக்கா தன் ஆட்டைப் பார்த்து, “உனக்கென்ன, உன்னை ஆரும் போனிலை கூப்பிடேல்லைத்தானே” என்றார். ஆடும் கோழியும் பழகிப்போய் நின்றன. நடுவில் நான் வந்ததும் இருவருக்கும் வசதியாகிவிட்டது. மூன்றடி தூரத்தில் நிற்கும் தங்கச்சிக்குச் சொல்லும்படி பூமணியக்கா என்னிடம் சொல்வார். அதைக் காதால் கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பதிலை என்னிடம் தருவார் செல்வியக்கா. அன்று மாலை விடைபெறும்போது பூமணியக்கா மெச்சுதலாகச் சொன்னார்:

“கோழியை விட நீ திறம், பிள்ளை. நீ மறுமொழி கொண்டுவாறாய்.”

நூல் பிடித்தல்

தில்லையண்ணைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எல்லையின் இரண்டு நுனியிலும் கட்டை அடித்து நைலோன் நூலை இழுத்துக் கட்டுவோம். இரண்டு வீட்டுக்காரரும் வந்து அந்த நூலைக் கையால் பிடித்து, ஒருவருக்கொருவர் கேட்கும்படி “ஓம்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அலவாங்கு நிலத்தில் இறங்காது.

வேலிக்கு ஆள் அனுப்பியவர் பூமணியக்கா. நூல் எப்படிப் போக வேண்டும் என்று அவர் முதலே முடிவு செய்திருந்தார். கிணற்றுக்குச் செல்வியக்காவின் பக்கத்தால் வளைந்து போக வேண்டுமாம். அப்படியென்றால் கிணறு முழுவதும் அவர் வளவுக்குள் வந்துவிடும். “பங்கு பங்குதான். ஆர் இல்லையெண்டது? உவ ஒழுங்கையாலை சுத்தி, எங்கடை படலையைத் திறந்துகொண்டு வந்து அள்ளட்டும்” என்று செல்வியக்காவிடம் சொல்லச் சொன்னார்.

செல்வியக்காவின் மனுசன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். வீடு ஓடுவது இவர் அவிக்கும் இடியப்பத்தில். பின்னேரத்தில் நெல்லியடிக் கடைகளுக்கு அது போக வேண்டும். அரிசி கழுவ, மாக் குழைக்க, அவிக்க, தட்டுக் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். அத்தனை வாளியையும் ஒழுங்கையால் சுமந்து வருவதென்றால் இடியப்பத்தை விட்டுவிடலாம். அவர் சண்டை பிடிக்கவில்லை. அழவுமில்லை. நான் நீட்டிய நூலைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தண்ணியில்லாமல் இடியப்பம் அவிக்கிற வழி உவவுக்குத் தெரியுமெண்டால் கேட்டுச் சொல்லு, தங்கச்சி. இப்பவே நூலைப் பிடிக்கிறன்.”

ஒழுங்கைக்கு வந்த வாங்கு

இதற்கிடையில் எங்கள் லொறிக்காரர் அவசரப்பட்டுத் தூண்களைக் கொண்டுபோய் ஒழுங்கையில் இறக்கிவிட்டார். “ஓம்” கிடைக்காததால் தூண்கள் அப்படியே அடுக்கிக் கிடந்தன. நான் ஒவ்வொரு முறை போகும்போதும் அவற்றின்மேல் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். பேப்பர் வாசிப்பவர் ஒருவர், போனில் மகனோடு கதைப்பவர் ஒருவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருப்பவர் ஒருவர். வேலி எந்தப் பக்கத்தால் போகும் என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. பூமணியக்காவின் மனுசனும் அங்கேதான் இருந்தார். வீட்டில் சண்டை தொடங்கினால் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இப்போது கிட்டடியிலேயே இடம் கிடைத்துவிட்டது.

தூண்களை எடுத்துக்கொண்டு போய்விடுவோமா என்று யோகண்ணையிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். யோகண்ணைதான் எங்களுக்குத் தூண் நடக் கிடங்கு வெட்டுபவர். அதைக் கேட்டுவிட்டுப் பேப்பர் வாசிப்பவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்:

“என்னத்துக்குத் தங்கச்சி அவசரம்? எங்கடை ஒழுங்கையிலை குந்தியிருக்க ஒரு வாங்கு இல்லாமல் எவ்வளவு காலம் கஷ்ரப்பட்டனாங்கள்.”

இரண்டு ஓம்

கடைசி முயற்சியாக இரண்டு பேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. இரண்டு படலையிலும் போய் நின்றேன், அவர்களாக வந்தார்கள். பூமணியக்கா வளைத்துத்தான் போட வேண்டும் என்றார். செல்வியக்கா, வளைப்பதென்றால் அக்காவின் பக்கத்தால் வளையட்டும் என்றார். இரண்டையும் நான் ஒழுங்காக அங்கும் இங்கும் ஒப்புவித்தேன். ஆறேழு தடவை ஒப்புவித்த பிறகு பூமணியக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்ப கிணத்துக்கு நடுவாலை போடுங்கோ! பாதிபாதியெண்டால் பாதிபாதியாய்ப் பிளந்து குடுங்கோ!”

அது கோபத்தில் வந்த சொல் என்பது ஆட்டுக்கும் தெரியும். ஆனால் செல்வியக்கா குனிந்தார், நூலைப் பிடித்தார், ஒழுங்கையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி “ஓம்” என்றார். பூமணியக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எனக்குத்தான் கதை வராதே. அவரும் நூலைப் பிடித்தார். அவருடைய “ஓம்” தங்கச்சியினுடையதை விடப் பெரிதாக இருந்தது. பிறகு இரண்டு பேரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

நான் தில்லையண்ணைக்குப் போன் எடுத்தேன். கிணற்றின் இரண்டு கரையிலும் தூண் நட்டு, குறுக்கே இரும்புக் குழாய் போட்டு, அதில் தகரம் தொங்கவிட வேண்டிவரும் என்றேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார், இரண்டு பேரும் ஓம் என்றவையோ என்று. ஓம் அண்ணை என்றேன்.

“அப்ப பேசாமல் போடு. ரண்டு பேர் ஓம் எண்டால் கடலுக்கு மேலாலையும் போடுவம்.”

இரண்டு நல்ல நேரம்

முதல் தூண் நடுவதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு பேரும் பார்த்தார்கள், வேறு வேறு சாத்திரியாரிடம். பூமணியக்காவுக்குக் கிடைத்தது விடியற்காலை. செல்வியக்காவுக்குக் கிடைத்தது பத்து மணிக்குப் பிறகு. ஒருவரின் நல்ல நேரத்தில் நட்ட தூண் மற்றவருக்கு ஆகாது.

யோகண்ணை யோசித்துவிட்டு, வேலியை இரண்டு நுனியிலிருந்தும் தொடங்கலாம் என்றார். காலையில் ஒழுங்கைப் பக்கத் தூணைப் பூமணியக்கா பால் தெளித்து நடுவித்தார். செல்வியக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து மணிக்குப் பிறகு பின்வளவுத் தூணைச் செல்வியக்கா கற்பூரம் கொளுத்தி நடுவித்தார். அதற்குப் பூமணியக்கா கதவைச் சாத்தினார். இரண்டு நேரத்துக்கும் இடையில் அலவாங்கைத் தொடக்கூடாது என்று இரு தரப்பும் ஒரே குரலில் கட்டளை. அந்த மாதங்களில் அவர்கள் கோபமில்லாமல் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். யோகண்ணை, பழைய வேலியில் வெட்டிப்போட்ட பூவரசங் குழைகளின்மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

“ஆளுக்கொரு நல்ல நேரம் எடுத்திட்டினம், பிள்ளை. நடுவிலை மிஞ்சினது எங்களுக்கு.”

இரண்டு வாளி

வேலி முடிந்தது. தூணுக்குத் தூண் ஆள் மறையத் தகரம்; கிணற்றுக்கு மேலாகவும் அது நேராகப் போனது. கிணற்றுக் கட்டுக்குக் கீழேயும் ஒரு முழம் இறங்கி நின்றது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பழைய கப்பி பூமணியக்காவின் பக்கம். செல்வியக்காவின் பக்கத்துக்கு நாங்கள் புதுக் கப்பி ஒன்று மாட்டிக் கொடுத்தோம். மேலே இரண்டு பேருக்கும் இரண்டு பக்கம். கீழே தண்ணீர் மட்டும் எதுவும் தெரியாமல் ஒன்றாகக் கிடந்தது.

சில நாள் கழித்துத் தூண்கள் இறுகிவிட்டனவா என்று பார்க்கப் போனேன். மத்தியானம் திரும்பிய நேரம். செல்வியக்காவின் குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மா வறுத்து அரித்து, தாச்சியில் கிடந்தது. அவர் கிணற்றடியில் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். கயிறு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தகரத்துக்கு அங்கால் இன்னொரு கப்பி கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அள்ள வந்திருக்கிறார்கள். இரண்டு வாளியும் தகரத்துக்குக் கீழே ஆடிப்போய், கயிறுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. யாராவது ஒருவர் கயிற்றை முழுக்க விட்டால்தான் மற்றவர் இரண்டையும் இழுத்து எடுக்கலாம். செல்வியக்காவிடம் இருந்தது அந்த ஒரு கயிறும் வாளியும்தான். விட்டு, அது அடியில் போனால் அன்றைய இடியப்பமும் போச்சு, நெல்லியடிக் கடையும் போச்சு.

“தங்கச்சி, உவவைக் கயித்தை விடச் சொல்லு” என்றார் என்னிடம்.

“ஆர், அந்தப் பிள்ளை வந்து நிக்குதோ? பிள்ளை, உவவை விடச் சொல்லு” என்றது தகரம்.

வழக்கம்போல வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. “நான் சொல்லமாட்டன். நான் வேலி போட வந்தனான், அக்கா.” என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. கிணறு அதைத் திருப்பி இன்னொரு முறை சொன்னது.

இரண்டு கயிறும் ஒருமுறை வெட்டி இழுபட்டன. பிறகு அங்கால் இருந்து வந்தது:

“எடி செல்வி, கயித்தை விடடி!”

“நீ விடு, அக்கா! எனக்கு மாக் காயுது.”

“விட்டால் என்ரை வாளி போயிடும்.”

“உனக்கு வாளி பெரிசு. ஊருக்கெல்லாம் நடந்து போனனீ. எனக்கு மட்டும் போன். அப்ப கால் நொந்ததோ?”

“பக்கத்துவீட்டுக்குக் கார்ட் கொண்டுவாறதே எண்டு நினைச்சிட்டன். நீ சொல்லாமலே முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்வாய் எண்டு நினைச்சன். அவள் சேலையைக் கட்டிக்கொண்டு, சின்னம்மா வரேல்லையோ, சின்னம்மா வரேல்லையோ எண்டு படலையைப் பாத்தபடி நிண்டவள்.”

செல்வியக்கா தகரத்துக்கு இன்னும் ஒரு அடி கிட்டப் போனார்.

“செல்வி, உன்ரை கயித்துக்கு என்ரை கயிறு வடிவாய்க் கொழுவியிருக்கு. நான் இறுக்கிப் பிடிக்கிறன். விழ விடமாட்டன். நீ விடு.”

செல்வியக்கா ஒருமுறை அடுப்பைப் பார்த்தார், ஒருமுறை தகரத்தைப் பார்த்தார். விட்டார். கயிற்று நுனி கப்பியைத் தட்டிக்கொண்டு கிணற்றுக்குள் ஓடிப்போனது. அங்கால் கப்பி நெடுநேரம் முனகியது. பிறகு ‘தொம்’ என்று கிணற்றுக் கட்டின்மேல் வாளி வைத்த சத்தம். பின்னாலேயே இன்னொரு ‘தொம்.’

செல்வியக்காவின் வாளி தப்பிவிட்டது. ஆனால் அது அக்காவின் வளவில் இருந்தது. தகரத்துக்குக் கீழால் கொடுக்க எட்டாது, மேலால் கொடுக்க ஏலாது. நாங்கள் அவ்வளவு நன்றாக வேலி போட்டிருந்தோம். என்ன செய்வார்கள் என்று நான் நின்றுகொண்டிருக்க, அங்கால் படலை திறந்த சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் இங்கால் படலை திறந்தது. வீட்டில் போடும் சோட்டியோடு, கையில் தண்ணீர் வாளியும் தோளில் ஈரக் கயிறுமாகப் பூமணியக்கா வந்தார். ஒழுங்கையில் நின்றவர்கள் படலையடிவரை பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். வாளியைக் குசினி வாசலில் இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“உந்த ஒழுங்கையாலை சுத்தித் தண்ணி காவுறதெண்டால் மனுசர் செய்யிற வேலையே!”

அளவெடுக்கப் போனது

அடுத்த கிழமை உடுப்பிட்டியிலிருந்து போன் வந்தது. கிணற்றடித் தகரத்தில் ஒரு வேலை இருக்கிறதாம், அந்தப் பிள்ளையையும் அனுப்பட்டாம். வேலியைக் கழற்றச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு யோகண்ணையோடு போனேன். தகரத்துக்கு ஒருவர் இங்காலும் ஒருவர் அங்காலுமாக நின்றார்கள்.

“கழட்டவோ, அக்கா?” என்றேன்.

“ஐயோ, கழட்டாதை. வேலி வேலியாய் இருக்கட்டும். இல்லாட்டி உவளின்ரை ஆடு என்ரை மரவள்ளியைத் தின்னும்” என்றார் பூமணியக்கா.

“உன்ரை கோழி மட்டும் என்ரை மாவைக் கொத்தாதோ?” என்றது அங்கால்.

கேட்டது ஒரு யன்னல். கிணற்றுக்கு நேர்மேலே, தகரத்தில் சதுரமாக வெட்ட வேண்டும். பூமணியக்கா தன் முகத்துக்குச் சரியாக ஒரு கரிக்கோடு போட்டார். அவர் நல்ல உயரம். செல்வியக்கா கட்டை. அவர் தன் பக்கத்தில் போட்ட கோடு ஒரு சாண் கீழே இருந்தது. கோடு மேலா கீழா என்று தொடங்கி, சிறுவயதில் யார் யாரை நுள்ளினார்கள் என்பதுவரை போய்விட்டது. என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் நாடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். கடைசியில் யோகண்ணை இரண்டு கோட்டையும் சேர்த்து, நீளமாகவே வெட்டிவிட்டார். வெட்டிய துண்டு விழுந்ததும் அந்த ஓட்டையால் செல்வியக்காவின் முகம் தெரிந்தது. நெற்றியில் மாப் பூசியிருந்தது. வேலியையும் வைத்துக்கொண்டு யன்னல் எதற்கு என்று யோகண்ணை கேட்டார். மூத்தவர் முந்திக்கொண்டார்:

“முகம் தெரியாமல் சண்டை பிடிச்சுப் பாத்தம், தம்பி. ஆர் வெண்டதெண்டே தெரியேல்லை.”

இப்போதெல்லாம் வேலி கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது தூணையோ கம்பியையோ பற்றியல்ல, யன்னலை இப்பவே வைத்துத் தரவோ, பிறகு வந்து வெட்டவோ என்பதைத்தான்.